சிறுகுழுவில் ஒரு வாத்தியமாக ஒலித்த குரல்: பில்லி ஹாலிடேயின் கொலம்பியா தொகுப்பு

அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயைத் தளர்ந்துபோன கடைசிக்காலக் குரலின் வழியே மட்டும் அறிந்தவர்கள், கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்திற்காக அவர் பாடியவற்றைத் திரட்டி 2001இல் வெளியான ‘லேடி டே’ தொகுப்பை அவசியம் கேட்க வேண்டும். 1933 முதல் 1944 வரையிலான 230 பதிவுகள் இதன் 10 குறுந்தகடுகளில் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை ஸ்விங் எனும் துள்ளலான ஜாஸ் பாணியில் வாசிக்கும் சிறிய குழுக்களுடன் பாடப்பட்டவை. தொகுப்பின் உயிரும் அங்கேதான் இருக்கிறது.

1935 ஜூலை 2 அன்று பியானோ கலைஞர் டெடி வில்சன் தலைமையில் நியூயார்க்கில் நடந்த பதிவின்போது ஹாலிடேக்கு வயது 20. ‘வாட் எ லிட்டில் மூன்லைட் கேன் டூ’ பாடலில் பென்னி குட்மனின் கிளாரினெட்டும் மற்ற வாத்தியங்களும் தலைதெறிக்க ஓடுகின்றன. ஹாலிடேயோ அந்த வேகத்திற்குச் சற்றும் இழுபடாமல், முதல் ‘ஊ’காரங்களை நிதானமாக நீட்டி, தாளத்திற்குக் கொஞ்சம் பின்தங்கியே வந்து, வரி முடியும் இடத்தில் பிசகாமல் சேர்ந்துகொள்கிறார். அவரது குரல் எட்டும் எல்லை ஒரு ஸ்தாயியைச் சிறிதளவே தாண்டும். ஆகவே உச்சத்திற்கு ஏறி அசத்தும் வழியை அவர் நாடவில்லை. மெட்டின் மேடுபள்ளங்களைக் குறைத்து, சில சுரங்களுக்குள்ளேயே புதிய மெட்டொன்றைப் பாடும்போதே அமைத்துக்கொள்கிறார். ஜாஸ் டிரம்பெட் கலைஞரும் பாடகருமான லூயி ஆம்ஸ்ட்ராங்கிடம் கற்ற பாடம் இதில் தெளிவாகத் தெரிகிறது.

1937 ஜனவரியில் டெனர் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் வந்து சேர்ந்த பிறகு, என் கருத்தில், இந்தப் பதிவுகள் வேறொரு தளத்திற்கு உயர்கின்றன. ‘திஸ் இயர்ஸ் கிஸ்ஸஸ்’ பாடலின் மெட்டை முதலில் அவர் வாசித்துக் காட்ட, அதே மென்மையோடு ஹாலிடே அதை ஏற்றுக்கொள்கிறார். அதே ஆண்டு ஜூனில் பதிவான ‘மீ, மைசெல்ஃப் அண்ட் ஐ’ பாடலில் அவரது வரிகளுக்கு அடியிலும் இடையிலும் சாக்ஸபோன் பேசிக்கொண்டே வருகிறது. இதன் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், இருவரும் ஒருவரை ஒருவர் எவ்வளவு கூர்ந்து கேட்டுப் பதில் சொல்கிறார்கள் என்பது விளங்கும். மூன்று நிமிடத்திற்குள் முடியவேண்டிய நிமிடத்திற்கு 78 முறை சுழலும் இசைத்தட்டில், பாடகி எல்லா இடத்தையும் எடுத்துக்கொள்ளாமல், தனக்கு முன்னும் பின்னும் மற்றவர்கள் வாசிக்க வழிவிடுகிறார். இந்தப் பெருந்தன்மையே அவரைப் பல பாடகர்களிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

பாடல்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. ஜூக்பாக்ஸ் எனப்படும், காசு போட்டால் பாடும் இயந்திரங்களின் சந்தையை மனத்தில் கொண்டு பதிவானவற்றில் வெறும் சராசரி வரிகளும் உண்டு. அவற்றையும் அவர் உண்மையோடு பாடுவதுதான் வியப்பு. கறுப்பின மக்கள் கும்பல்களால் தூக்கிலிடப்பட்ட கொடுமையைப் பற்றிய, 1939இல் பதிவான ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாடல் இதில் இல்லை. கொலம்பியா மறுத்ததால் அதை அவர் கமடோர் நிறுவனத்திற்குப் பாடினார். ஒரே பாடலை மீண்டும் பாடிய மாற்றுப் பதிவுகள் நிறைய இருப்பதால் புதியவர்கள் தொகுப்பை முதலிலிருந்து வரிசையாகக் கேட்க முயல வேண்டாம். லெஸ்டர் யங்குடன் 1937, 1938 ஆண்டுகளில் செய்த பதிவுகளிலிருந்து தொடங்கலாம்.