இணையரையும் சேர்க்கும் கம்பெனி மெடிக்ளெய்ம்: யார் யார் கண்ணில் படும்?

கோவையில் சில ஐடி கம்பெனிகள் குழு மெடிக்ளெய்மில் ஒரே பாலின இணையரையும் சேர்க்க விடுகின்றன. திட்டம் நல்லதுதான். ஆனால் போர்ட்டலில் 'பார்ட்னர்' என்று டிக் அடித்தால், ஆபீஸில் பாதிப் பேருக்குச் சொன்ன மாதிரிதான்.

சேர்ப்பது சுலபம். வேலையில் சேர்ந்த புதிதிலோ வருடாந்திரப் புதுப்பிப்பிலோ போர்ட்டல் திறக்கும். பெயர், பிறந்த தேதி, இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி. 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்டதால் திருமணச் சான்றுக்கு வழியில்லை. சேர்ந்து வாழ்வதற்கு ஆதாரம் கேட்டால் ஜாயின்ட் அக்கவுன்ட் பாஸ்புக்கைக் காட்டலாம். அதைத் திறக்கத் தடையில்லை என்று 2024 ஆகஸ்ட் 28-ல் நிதி அமைச்சகமே தெளிவுபடுத்தியது. இருவர் பேரிலும் வாடகை ஒப்பந்தம் வாங்குவது இங்கே அதைவிடப் பெரும்பாடு.

சிக்கல் பிறகுதான். விவரம் ஹெச்ஆர், இன்சூரன்ஸ் புரோக்கர், டிபிஏ (க்ளெய்மைப் பார்க்கும் இடை நிறுவனம்), இன்சூரன்ஸ் கம்பெனி என்று நாலு கை மாறும். எல்லோருடைய குடும்பப் பட்டியலும் ஒரே எக்செல்லில் வரும். "சரிபார்த்துக்கோங்க" என்று ஹெச்ஆர் அதை டீம் முழுக்கத் தட்டிவிட்டால் முடிந்தது கதை. கூடுதல் பிரீமியத்தைச் சம்பளத்தில் பிடித்தால் பே ஸ்லிப்பில் 'பார்ட்னர் பிரீமியம்' என்று விழலாம். வீட்டுக் கடனுக்கு அதே ஸ்லிப்பை நீட்டும்போது பக்கத்து நாற்காலியில் அப்பா இருப்பார். ஹெச்ஆருக்குச் சொந்த ஊர் கோபி, அக்கவுன்ட்ஸ்காரருக்குப் பெருந்துறை. "எந்த ஊருங்க, யாரு ஊட்டுப் பையனுங்க?" ரெண்டே கேள்வியில் உறவுமுறை வந்துவிடும் (பாசத்தில்தான் கேட்பார்கள், அதுதான் தொல்லை).

அதனால் முதலில் விசாரியுங்கள். "பெற்றோர், இணையர் பிரீமியம் பே ஸ்லிப்பில் எப்படி வரும்? பட்டியலை யார் யார் பார்ப்பார்கள்?" என்று பெற்றோரையும் சேர்த்துக் கேட்டால் யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள். பதில் மெயிலில் வரட்டும். ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018-ல் தளர்த்தியதால் குற்றம் என்ற பேச்சு போனது. தனியார் கம்பெனி வேலையைவிட்டு அனுப்பினால் தட்டிக்கேட்கத் தனிச் சட்டம் இன்னும் இல்லை.

பி.எஃப். நாமினேஷனை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்: பி.எஃப். விதிப்படி குடும்பம் உள்ளவர் வெளியாள் பெயரை எழுதினால் செல்லாது, இணையரும் அங்கே வெளியாள்தான். திருப்பூர் பனியன் கம்பெனியில் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி இஎஸ்ஐ என்ற அரசு காப்பீட்டில் இருப்பவருக்கு இந்த டிக்கே கிடையாது.

இந்தத் திட்டத்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. பே ஸ்லிப்பில் வெறும் 'மெடிக்கல்' என்று போடும் கம்பெனிக்கு நான்கு.