டி-ஷர்ட் பிரிண்ட்: வாட்டர்பேஸ் இங்க்கா, பிளாஸ்டிசாலா?

டிசைன் புராஜெக்டுக்கு ஸ்கிரீன் பிரிண்ட் போடுகிறவர்கள் குழம்புவது இதில்தான். வாட்டர்பேஸ் என்பது தண்ணீர் சேர்ந்த இங்க், பிளாஸ்டிசால் என்பது பிளாஸ்டிக் சேர்ந்த இங்க். நான் இரண்டிலும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஃபிரேமைக் கழுவ: வாட்டர்பேஸுக்குத் தண்ணீர் போதும். பிளாஸ்டிசாலுக்கு சால்வென்ட் வேண்டும், ஹாஸ்டல் பாத்ரூமில் நடக்காது.

ஃபிரேமில் காய்வது: இங்கேதான் மாட்டினேன். ஃபேனுக்கு அடியில் வைத்துவிட்டு ஃபோன் பேசி வருவதற்குள் வாட்டர்பேஸ் மெஷ்ஷிலேயே (ஃபிரேமில் இழுத்துக் கட்டிய வலைத்துணி) காய்ந்து மெல்லிய கோடெல்லாம் அடைத்துக்கொண்டது, ஆறாவது டி-ஷர்ட்டில் 'ழ'வுக்கு வாலே இல்லை. பிளாஸ்டிசால் சூடு படாமல் காயாது.

சூடு: பிளாஸ்டிசாலுக்குச் சுமார் 160 டிகிரி செல்சியஸ். குறைந்தால் துவைக்கும்போது வெடித்து உரியும்.

கறுப்புத் துணி: பிளாஸ்டிசால் பளிச். சாதா வாட்டர்பேஸ் அமுங்கிவிடும், ஆனால் வெள்ளைப் பருத்தியில் கைக்கு மெத்தென்று இருப்பது அதுதான்.

சரி, வெள்ளைத் துணி, பத்திருபது டி-ஷர்ட் என்றால் வாட்டர்பேஸ். கறுப்பு என்றால், அதுவும் ஹீட் பிரஸ் (துணியைச் சூடாக அழுத்தும் மெஷின்) கைவசம் இருந்தால் மட்டும், பிளாஸ்டிசால்.