மெய்யெழுத்துகளைத் திருப்பித் தந்த கருவி

கடந்த ஆண்டு தை மாதம் முதல் இரு காதுகளிலும் செவித்துணைக் கருவி அணிந்து வருகிறேன். எனக்கு வயது 74. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் 33 ஆண்டுகள் தமிழ் இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றவன். நான் அணிந்திருப்பது காதின் பின்புறம் அமரும் வகை. ஒன்று 38,000 ரூபாய் வீதம் இரண்டுக்கும் 76,000 ரூபாய் ஆயிற்று. நிறுவனத்தின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. பெயரைவிட, அதை நம் காதுக்குப் பொருத்தித் தருபவரின் கைத்திறனே பெரிது என்பதை ஓராண்டுப் பயன்பாட்டில் கண்டுகொண்டேன்.

என் செவித்திறன் எந்த ஆண்டில் குறையத் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. இக்காலத்துப் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள், புதிதாக வந்த போதகர் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுகிறார், என் மனைவி அடுக்களையில் நின்றுகொண்டு முகம் பாராமல் பேசுகிறார் என்றெல்லாம் மற்றவர்கள்மீது குறைபட்டுக்கொண்டிருந்தேன். ஒலி என் காதை அடைந்துகொண்டுதான் இருந்தது. ஆகவே எனக்குக் கேட்கவில்லை என்று வீட்டார் சொன்னபோது, அது வயதானவனை ஒதுக்கும் பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன். இப்படி ஆறேழு ஆண்டுகள் போயின.

முதலில் சென்ற கடையில் எனக்கு நல்ல அனுபவம் இல்லை. அங்கிருந்தவர் என் காதருகில் குனிந்து உரக்கக் கத்தினார்; ஐந்து நிமிடத்தில் ஒரு சோதனையை முடித்துவிட்டு, இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்று ஒன்றரை லட்சம் ரூபாய்க் கருவியைக் காட்டினார். என்ன கேட்கவில்லை, யார் பேசினால் கேட்கவில்லை என்று அவர் ஒரு சொல்கூட வினவவில்லை. என் மகள் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டாள்.

பிறகு சென்றது முறையாகப் பயின்ற செவித்திறன் வல்லுநர் ஒருவரின் சிறிய மருத்துவ அறை. அவர் முதலில் கேட்ட கேள்வி, "ஐயா, யாருடைய பேச்சு உங்களுக்குக் கேட்கவேண்டும்?" என்பது. சற்று யோசித்து, மனைவி, பேத்தி, போதகர் என்று மூவரைச் சொன்னேன். ஒலி புகாத அறையில் அமர்த்தி, மெல்லிய ஒலி கேட்கும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார். வலக் காதுக்குச் சிவப்பு வட்டம், இடக் காதுக்கு நீலப் பெருக்கல் குறி என வரைபடம் உருவாயிற்று. தாழ்ந்த சுருதியில் ஓரளவு மேலே இருந்த கோடு, 2,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் மலைச்சரிவுபோல் கீழிறங்கியது.

அடுத்து வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு சில சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லும்படி கேட்டார். அவர் 'பல்' என்றால் நான் 'கல்' என்றேன். 'தடி' என்றால் 'படி' என்றேன். 'மணி', 'மாமா', 'நாள்' ஆகியவற்றைப் பிழையின்றிச் சொன்னேன். முதுமையில் உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளே முதலில் மறைகின்றன என்றும், உயிரெழுத்துகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் வலுவாக ஒலிப்பதால் நின்றுவிடுகின்றன என்றும், க, ச, த, ப ஆகிய ஒலிகள் ஆற்றல் குறைந்தவை ஆதலால் காணாமற்போகின்றன என்றும் அவர் விளக்கினார். அந்த நாற்காலியில் நான் சில கணங்கள் பேச்சற்று இருந்தேன். தொல்காப்பியப் பிறப்பியலை ஆண்டுதோறும் நடத்தியவன் நான். எந்த எழுத்து இதழில் பிறக்கும், எது பல்லில் பிறக்கும் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவன். வல்லினம் என்று பெயர் பெற்றவையே செவிக்கு மிக மெலிந்தவை என்பது 33 ஆண்டுகளில் ஒருநாளும் என் நினைவுக்கு வந்ததில்லை. வாயின் பக்கத்திலிருந்தே மொழியைப் பார்த்துப் பழகிவிட்டேன். உயிர் கேட்டது, மெய் கேட்கவில்லை. அதனால்தான் எல்லாரும் பேசுவது கேட்டும் யார் பேசியதும் விளங்காமல் இருந்திருக்கிறது.

காதுக்குள் பசை போன்ற ஒன்றைச் செலுத்தி அச்செடுத்தார்கள். ஒரு வாரத்தில் அச்சு வந்தது. முதல் நாள் அணிந்து வெளியே வந்தபோது செய்தித்தாளைப் புரட்டும் ஓசை தகரத்தை நெளிப்பதுபோல் கேட்டது. என் செருப்பின் ஓசை, நான் மெல்லும் ஓசை, பக்கத்து அறைக் குழாயில் சொட்டும் நீர் எல்லாம் ஒரே அளவில் வந்து மோதின. இரண்டு நாளில் கழற்றி வைத்துவிடலாம் என்று தோன்றியது உண்மை. நெடுநாள் ஒலியின்றி இருந்த மூளை, வேண்டியதையும் வேண்டாததையும் பிரித்தறிய மீண்டும் பழகவேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஆகும் என்று வல்லுநர் முன்பே சொல்லியிருந்தார். மூன்று முறை சென்று அளவைத் திருத்திக்கொண்டேன். அதற்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை. வாங்குவோர் பணம் கட்டுமுன் இந்தத் திருத்தச் சேவை எத்தனை முறை உண்டு என்பதைத் தவறாமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆறாவது வாரத்தில் வீட்டில் ஒரு காரியம் நடந்தது. மேசை இழுப்பறையைத் துப்புரவு செய்தபோது, கிழித்த நாட்காட்டித் தாள்களின் கட்டு ஒன்று அகப்பட்டது. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் என் மனைவியின் பென்சில் எழுத்து. 'பால் பணம் கொடுத்தாயிற்று.' 'மூன்று மணிக்கு கேஸ் வரும்.' 'தங்கச்சிக்குக் காய்ச்சல், போன் பண்ணவும்.' கத்திக் கத்திச் சலித்த அவர், நான் கேளாதவனாகிவிட்டதை என்னைவிட முன்பே ஏற்றுக்கொண்டு எழுதத் தொடங்கியிருக்கிறார். அவற்றை வரிசையாக வைத்துப் படித்தபோது ஒன்று புலப்பட்டது: தேவையானவை மட்டுமே எழுதப்பட்டிருந்தன. தெருவில் கண்டது, கனவில் வந்தது, யார் வீட்டுப் பிள்ளை யாரைப்போல் சிரிக்கிறது என்பதெல்லாம் ஒரு தாளிலும் இல்லை. நாற்பத்தாறு ஆண்டு இல்லறத்தின் பெரும்பகுதி அப்படிப்பட்ட வேண்டாத பேச்சால் ஆனது; அதை ஆறேழு ஆண்டுகள் அவர் தம் மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்னங்க" என்றார். அந்த 'க' எனக்குத் தெளிவாகக் கேட்டது.

ஆலயத்தில் கருவியின் பயன் பாதிதான் என்று சொல்லவேண்டும். எங்கள் ஊர் ஊசிக்கோபுர ஆலயம்போல் உயர்ந்த கூரையுடைய இடங்களில் எதிரொலியும் மின்விசிறிகளின் இரைச்சலும் ஒலிபெருக்கியின் முழக்கமும் கலந்து வருகின்றன; கருவி எல்லாவற்றையும் சேர்த்தே பெருக்குகிறது. ஒருமுறை மௌன ஜெபத்தின்போது அச்சு நெகிழ்ந்து கருவி கீச்சிடவே, முன்வரிசைக் குழந்தை திரும்பிப் பார்த்தது. அச்சை மாற்றியபின் அந்தத் தொல்லை இல்லை. என் கருவியில் காந்தச் சுருள் ஒன்று உண்டு. மண்டபத்தைச் சுற்றிக் கம்பி வளையம் ஒன்றைப் பதித்து ஒலிவாங்கியோடு இணைத்துவிட்டால், போதகரின் குரல் அந்தச் சுருள் வழியாக இரைச்சலின்றி நேராகக் காதுக்கு வரும். மேல்நாட்டு ஆலயங்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு வழக்கமாகிவிட்டது. பாமாலையையும் கீர்த்தனையையும் மனப்பாடமாகப் பாடிக்கொண்டு, பிரசங்கம் மட்டும் கேளாமல் உட்கார்ந்திருக்கும் முதியோர் நம் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். கோபுரத்துக்கு வண்ணம் பூசத் திரட்டும் காணிக்கையில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்க வேண்டுமென்று எங்கள் சபைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தமிழில் 'கேள்' என்ற ஒரே வினைக்குச் செவிகொடுத்தலும் வேண்டுதலும் பொருளாகின்றன. என் ஜெபங்களில் நான் இரண்டாவது பொருளிலேயே கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது காலையில் கருவியை அணிந்தபின், சொல்ல ஒன்றும் இல்லாமல் கால்மணி நேரம் அமர்ந்திருக்கிறேன். வேப்பமரத்து அணிலின் ஒலி வருகிறது. அதுவும் ஜெபம்தான் என்று நம்புகிறேன்.

கண்ணாடி அணிந்தவனைப் படித்தவன் என்கிற நம் சமூகம், காதில் கருவி கண்டால் குரலைத் தாழ்த்திப் பரிதாபப்படுகிறது. நானும் அந்தச் சமூகத்தின் ஆள்தான். வீட்டுப்பாடம் எழுதாத மாணவரைப் பார்த்து, "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்தக் கல்லூரிக்குப் போகும் வழியில்தான் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியின் பிள்ளைகள் பேருந்து நிறுத்தத்தில் நின்று விரல்களால் விரைவாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களைத் தினமும் கடந்து போய், வகுப்பில் அந்தப் பழமொழியைச் சொன்னேன். அது என்னை உறுத்துகிறது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். என் கருவிக்கு 13 ஆம் எண் மின்கலம். ஆரஞ்சு நிற ஒட்டுத்தாளை உரித்தபின் ஒரு நிமிடமாவது காற்றுப்படவிட்டுப் பொருத்தினால் பத்து நாள்களுக்கு மேல் வருகிறது. நம் ஊர் வியர்வைக்கு ஈரம் உறிஞ்சும் மணிகள் இட்ட டப்பா கட்டாயம் வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு 2017 இல் தொடங்கிய ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டத்தில் இக்கருவி விலையின்றிக் கிடைக்கிறது. இரு காதிலும் குறை இருந்தால் இரண்டுக்கும் வாங்குவதே நல்லது. ஒற்றைக் காதால் ஒலி வரும் திசையைச் சரியாக அறிவது கடினம்.

நேற்றிரவு கருவியைக் கழற்றி டப்பாவில் வைக்கப் போனபோது என் மனைவி, "கொஞ்சம் பொறுங்க, ஒண்ணு சொல்லணும்" என்றார். மீண்டும் அணிந்துகொண்டேன். எதிர்வீட்டு முருங்கை பூத்திருக்கிறதாம்.