பறவை பார்க்கப் பண்ணையா, சுண்டிக்குளமா?

வலசைப் பறவைகள் ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை நிற்கும். விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வருபவர்கள் பலர், அவற்றைப் பார்க்க நகரை ஒட்டிய பண்ணைக் கடற்கரைக்குப் போவதா, தொலைவிலுள்ள சுண்டிக்குளம் தேசியப் பூங்காவுக்குப் போவதா என்று குழம்புகிறார்கள்.

செலவு: பண்ணைக்குச் சைக்கிளே போதும். சுண்டிக்குளத்துக்கு வாகனம் பிடிக்க வேண்டும், அரைநாளாவது போகும்.

பார்க்கக் கிடைப்பவை: பண்ணைப் பாலத்திலிருந்து மண்டைதீவுப் பக்கம் ஆழமில்லாத கடல்தான். கொக்கு, ஆலா, உள்ளான் எல்லாம் கிட்டவே மேயும். பூநாரை (பிளமிங்கோ) வருவதும் உண்டு, ஆனால் நம்பிப் போக முடியாது. சுண்டிக்குளம் வேறு உலகம். 1938இல் பறவைகள் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்கா. கடனீரேரி, உவர்நிலம், பற்றைக்காடு எல்லாம் ஒரே இடத்தில். பூநாரைக் கூட்டத்துக்கு என் தெரிவு இதுதான். தலைகீழாக அலகை நீரில் அமிழ்த்தி அது இரை வடிப்பதைப் பொறுமையாகப் பாருங்கள். படத்துக்காகக் கிட்டப் போய்க் கலைக்காதீர்கள், தயவுசெய்து.

வசதி: பண்ணையில் வாகன இரைச்சல். சுண்டிக்குளத்தில் நிழலும் கடையும் அரிது, தண்ணீர் கொண்டுபோங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் உள்ளே கால் வைக்க வேண்டாம்.

புதிதாகப் பழகுபவருக்கும் பிள்ளைகளோடு வருபவருக்கும் பண்ணை. பைனாகுலரும் ஒரு முழுக் காலையும் இருப்பவருக்குச் சுண்டிக்குளம்.