கோவா–போர்த்துகீசிய உணவு: புதுப்பாணி உணவகமா, வீட்டு முன்கூட உணவகமா?

பணஜி நகரின் ஃபொன்டைனாஸ் பகுதியில், மஞ்சளும் நீலமும் பூசிய ஓட்டு வீடுகளுக்கு இடையே நடந்தால், கோவா–போர்த்துகீசிய உணவு கிடைக்கும் என்று சொல்லும் பலகைகள் அடுத்தடுத்துக் கண்ணில் படும். பலகை ஒன்றுதான், உள்ளே நடக்கும் சமையல் இரண்டு வகை. முதல் வகை, பழைய மாளிகை ஒன்றைப் புதுப்பித்து, வெள்ளைத் துணி விரித்த மேசைகளில், லிஸ்பன் உணவையும் கோவா மசாலாவையும் ஒரே தட்டில் புதிதாகச் சேர்த்துப் பரிமாறும் உணவகம். இரண்டாவது வகை, ஒரு குடும்பம் தன் வீட்டின் முன்கூடத்தில் எட்டுப் பத்து மேசைகளைப் போட்டு, தலைமுறைகளாக வீட்டில் சமைத்ததையே சமைத்துத் தரும் உணவகம். ஒரே வாரத்தில் இரண்டிலும் மாறி மாறிச் சாப்பிட்டேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலப்பு என்ற சொல்லுக்கு முழுப் பொருள் வீட்டு முன்கூடத்தில்தான் கிடைக்கிறது. ஆனாலும் மாளிகையை ஒதுக்கிவிட முடியாது, ஏனெனில் அங்கே சாப்பிட்ட இரண்டு பதார்த்தங்களை வீட்டுச் சமையலில் எதிர்பார்க்க முடியாது.

போர்த்துகீசியர் கோவாவைக் கைப்பற்றியது 1510இல். அவர்கள் ஆட்சி முடிந்தது 1961 டிசம்பர் 19 அன்று. இந்த 451 ஆண்டுகளில் மிளகாயும் முந்திரியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து அவர்களுடைய கப்பல்களில் வந்து சேர்ந்தன. மேசை, அலமாரி, சாவி, ஜன்னல் என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொற்களும் அதே கப்பல்களில் வந்தவையே. ஈழத்தமிழர் இன்றும் ரொட்டியைப் பாண் என்றும் வினிகரை வினாகிரி என்றும் சொல்வதால், கோவாவின் சாப்பாட்டு மேசை அவர்களுக்கு நம்மைவிடச் சற்று நெருக்கமாகவே தோன்றக்கூடும். ஆனால் இந்தக் கலப்பு முழுவதும் விரும்பி நடந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 1560இல் தொடங்கி, நடுவில் சில ஆண்டுகள் நீங்கலாக, 1812 வரை இயங்கிய மத விசாரணை மன்றத்தின் காலத்தில், கிறிஸ்தவத்துக்கு மதம் மாறியவர்களின் வீடுகளில் பழைய வழக்கங்கள் தொடர்கின்றனவா என்ற கண்காணிப்பு அடுப்படி வரை நீண்டது. முதலில் பிடிபட்ட திசுவாடி, பர்தேஸ், சால்செட்டி பகுதிகளில் கத்தோலிக்கச் சமையல் வினிகரையும் பன்றி இறைச்சியையும் மையமாகக் கொண்டு வளர்ந்ததையும், இந்துக்களின் சமையல் கோகம் புளியையும் தெப்பள் என்னும் காட்டு மிளகு வகையையும் விடாமல் வைத்திருந்ததையும் இந்தப் பின்னணியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு வகை உணவகங்களுக்கும் பொதுவான உணவு விந்தாலு என்பதால், ஒப்பீட்டை அங்கிருந்தே தொடங்கலாம். போர்த்துகீசியரின் மூல உணவு, பன்றி இறைச்சியை வைனிலும் பூண்டிலும் ஊறவைத்துச் சமைப்பது. போர்த்துக்கலின் மதேரா தீவில் இன்றும் அது கிறிஸ்துமஸ் காலத்து உணவு. வைன், பூண்டு ஆகிய இரண்டின் போர்த்துகீசியப் பெயர்கள் சேர்ந்து திரிந்ததே விந்தாலு என்ற சொல். கோவாவில் திராட்சைத் தோட்டம் இல்லை, தென்னந்தோப்பு இருந்தது. ஆகவே வைன் இருந்த இடத்தில் தென்னங்கள்ளைப் புளிக்கவைத்து எடுத்த வினிகர் வந்தது. அதனோடு காய்ந்த மிளகாய், சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை எல்லாம் அரைபட்டுச் சேர்ந்தன. பெயரில் உள்ள 'ஆலு' என்ற ஒலியை இந்தி உருளைக்கிழங்காக எடுத்துக்கொண்டு அதில் கிழங்கைப் போடுவது வெளியூர்ப் பழக்கம். கோவாவின் வீட்டு விந்தாலுவில் கிழங்குக்கு இடமில்லை.

மாளிகை உணவகத்தில் விந்தாலு அழகாக வந்தது. கொழுப்போடு கூடிய வயிற்றுப் பகுதி இறைச்சியை ஒரே கட்டியாகப் பல மணி நேரம் மெல்லிய சூட்டில் வேகவைத்து, மேல்தோலை மொறுமொறுப்பாக்கி, அதன் அடியில் விந்தாலு சாற்றை வட்டமாக ஊற்றியிருந்தார்கள். கத்தி வைத்தவுடன் இறைச்சி விலகியது. அந்த வேலைத்திறனை மதிக்கிறேன். ஆனால் சாறு ஒரு பக்கமும் இறைச்சி ஒரு பக்கமுமாக நின்றன. வினிகர் நாக்கின் நுனியில் சுரீரென்று தைத்து அந்தக் கணமே மறைந்துவிட்டது. பரிமாறியவரிடம் கேட்டபோது, சாறு அன்று மாலையில் தயாரித்தது என்றும், கடையில் வாங்கிய சாதாரண வெள்ளை வினிகர் என்றும் மறைக்காமல் சொன்னார்.

வீட்டு முன்கூடத்தில் அதே உணவு ஒரு சிறிய மண்சட்டியில் வந்தது. பார்வைக்கு அதில் ஒன்றும் இல்லை: கருஞ்சிவப்புக் குழம்பு, மேலே ஒரு விரற்கடைக்குப் பிரிந்து நின்ற செந்நிற எண்ணெய், அதற்குள் கண்ணாடிபோலத் தெளிந்துவிட்ட கொழுப்போடு சின்னச் சின்னத் துண்டுகள். ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்தேன். வெளிப்புறத்தின் சிவப்பு நடுப்பகுதி வரை இறங்கியிருந்தது. கள் வினிகரின் புளிப்பு முதலில் தெரியவே இல்லை. கொழுப்பின் இனிப்பு, பிறகு பூண்டு, பிறகு காரம் என்று ஒவ்வொன்றாக அடங்கிய பின்தான் தொண்டையின் அடியில் மெதுவாக எழுந்து, அடுத்த கவளத்தைக் கேட்டது. சமைத்து மூன்று நாள் ஆகிறது என்றும், நாள்தோறும் ஒருமுறை சூடாக்கி வைப்பார்கள் என்றும் வீட்டுக்காரம்மா சொன்னார். வினிகரும் உப்பும் இறைச்சியைக் கெடாமல் காக்கும் என்பதற்காகவே கப்பல் காலத்தில் உருவான முறை இது. காத்திருப்பதற்கென்றே பிறந்த உணவை அவசரமாகச் செய்தால், எத்தனை தேர்ந்த கை செய்தாலும் அது ஒரு படி கீழேதான் நிற்கும்.

இதற்கு நேர்மாறாக, சூப்பில் மாளிகை வென்றது. போர்த்துக்கலின் கால்தோ வேர்தே என்பது உருளைக்கிழங்கை மசித்துக் கொதிக்கவைத்து, நூல்போல நறுக்கிய கீரையை இறக்கும் நேரத்தில் போட்டு, மேலே புகையூட்டிய சோரிசோ தொத்திறைச்சியின் வில்லைகளை வைப்பது. கோவாவின் சொரீஸ் அதே குடும்பம்தான் என்றாலும் குணம் வேறு. வினிகரிலும் மிளகாயிலும் ஊறி, வெயிலில் காய்ந்து, நூலில் கோத்த மணிமாலைபோலச் சந்தையில் தொங்கும் அதை வேகவைக்காமல் தின்ன முடியாது. சூப்புக்குள் நேராகப் போட்டால் எல்லாம் சிவந்து, புளித்து, கீரையின் மென்மை காணாமல் போகும். மாளிகையின் சமையல்காரர் அதைத் தனியே வதக்கி, எண்ணெயை வடித்து, மூன்று மணிகளை மட்டும் மேலே வைத்து, வடித்த சிவப்பு எண்ணெயில் நான்கே சொட்டுகளை ஓரமாக விட்டிருந்தார். கரண்டியை ஓரத்தில் விட்டால் கோவா, நடுவில் விட்டால் போர்த்துக்கல். இரண்டு உணவுகளின் இயல்பையும் அறிந்த ஒருவரால்தான் இப்படி அளவோடு நிறுத்த முடியும்.

அதேபோல, உப்பிட்டு உலர்த்திய காட் மீனை ஒரு நாளுக்கு மேலாகத் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, உதிர்த்து, கிழங்கோடு பிசைந்து பொரிக்கும் உருண்டைகளுக்கு அங்கே ரெஷியாடோ மசாலாவைத் தொட்டுக்கொள்ளத் தந்தார்கள். ரெஷியாடோ என்றால் போர்த்துகீசிய மொழியில் 'உள்ளே அடைத்தது' என்பதுதான் பொருள். கோவாவில் அந்தப் பெயர், கானாங்கெளுத்தியின் வயிற்றுக்குள் அடைக்கும் சிவப்பு மசாலாவுக்கே நிலைத்துவிட்டது. அந்த மசாலாவை, அட்லாண்டிக் கடல் மீனுக்குப் பக்கத்தில் வெறும் தொடுகறியாக வைத்தது எனக்குப் பிடித்திருந்தது. இந்த இரண்டுக்காக மறுபடியும் அந்த மாளிகைக்குப் போவேன்.

மொசாம்பிக் வழியாக வந்ததாகச் சொல்லப்படும் காஃப்ரியால் கோழியில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. கொத்தமல்லித் தழையும் பச்சை மிளகாயும் பூண்டும் இரண்டு இடங்களிலும் நன்றாகவே பிடித்திருந்தன. மாளிகையில் எலும்பை எடுத்துவிட்டதால் சுவை சற்றே குறைந்தது, அவ்வளவுதான்.

ரொட்டி விஷயத்தில் மாளிகை செய்தது எனக்கு வருத்தம் தந்தது. கோவாவில் ரொட்டி சுடுபவரைப் பொதேர் என்பார்கள். அதுவும் போர்த்துகீசியச் சொல்லின் வழி வந்ததுதான். காலையிலும் மாலையிலும் சைக்கிளின் பின்னே கூடையைக் கட்டிக்கொண்டு, ரப்பர் குமிழை அழுத்தி 'பாம் பாம்' என்று ஊதிக்கொண்டு அவர் தெருவில் வருவார். நான் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்த ஒலி கேட்டது; வீட்டுப் பையன் ஓடிப் போய்த் துணிப்பை நிறைய 'பொய்' என்ற பெயருடைய ரொட்டி வாங்கி வந்தான். தவிடு தூவிய, வட்டமான, உள்ளே பை போலக் குழிவான ரொட்டி அது. சூடு ஆறுவதற்குள் அதைத் திறந்து விந்தாலுவின் எண்ணெயை உள்ளே விட்டுத் தின்றேன். மாளிகையில் அதே நேரத்தில் எங்கிருந்தோ வந்த நீளமான பிரெஞ்சு ரொட்டியை வில்லைகளாக நறுக்கி, ஆலிவ் எண்ணெயோடு வைத்திருந்தார்கள். இரண்டு தெரு தள்ளி உலை எரியும்போது அது தேவையே இல்லை.

இனிப்பில் யார் எங்கே சாப்பிட்டாலும் பெபிங்காவைத் தவறவிட வேண்டாம். தேங்காய்ப்பால், முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை, மாவு, நெய் சேர்ந்த கலவையை ஒரு கரண்டி ஊற்றி, மேலிருந்து வரும் சூட்டில் அது சிவந்த பிறகே அடுத்த கரண்டியை ஊற்ற வேண்டும். ஏழு அடுக்கு என்றால் ஏழு முறை காத்திருக்க வேண்டும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பண்டம் மாளிகையில் ஐஸ்கிரீமோடும், முன்கூடத்தில் வெறுமனேயும் வந்தது. எனக்கு வெறுமனேதான் பிடித்தது. மேரி பிஸ்கட் தூளையும் அடித்த கிரீமையும் அடுக்கிச் செய்யும் செரதுரா மட்டும் மாளிகையில் மேலாக இருந்தது.

எந்த மாதத்தில் போகிறீர்கள் என்பதும் முக்கியம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடிக்குத் தடை என்பதால், அப்போது பட்டியலில் இருக்கும் மீனில் பெரும்பகுதி உறைபதனம் செய்ததாகவோ வேறு கரையிலிருந்து வந்ததாகவோ இருக்கும். இதற்காகவே மே மாதத்தில் புருமெந்த் என்ற பெயரில் மழைக்காலச் சேமிப்புப் பொருட்களின் சந்தை கூடுகிறது; உப்புக்கண்டம், காய்ந்த இறால், மிளகாய், வினிகர் எல்லாம் அங்கே விற்கும். இறாலை வினிகர் மசாலாவில் ஊறுகாய்போலச் செய்யும் பல்சாவ் மழைக்காலத்தில்தான் தன் முழு மதிப்பைக் காட்டும். அதற்கு வீட்டு உணவகமே சரி.

சைவ உணவுக்காரர்களுக்கு மாளிகையே வசதி. மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்த்த கால்தீன் குழம்பில் காய்கறி, வறுத்த தேங்காய் அரைத்த ஷாகுத்தியில் காளான் என்று அங்கே தனியாகச் செய்துகொடுத்தார்கள். முன்கூடத்தில் பருப்பும் சோறும் ஒரு பொரியலும் தவிர வேறில்லை. செலவைப் பார்த்தால், மாளிகையில் ஒருவர் சாப்பிடும் பணத்தில் முன்கூடத்தில் மூவர் வயிறார உண்ணலாம். ஆனால் மாளிகைக் கட்டணத்தில் போர்த்துக்கலின் ஃபாதோ பாட்டும் கொங்கணி மாந்தோ பாட்டும் அடக்கம். கிதாரின் துணையோடு அந்த முற்றத்தில் கேட்ட ஒரு மாந்தோ இன்னும் காதில் இருக்கிறது. பெற்றோரை அழைத்துப் போவோர், கொண்டாட்டத்துக்குப் போவோர், போர்த்துகீசிய உணவின் அறிமுகம் வேண்டுவோர் அங்கே போகட்டும். கோவா மக்கள் நாள்தோறும் என்ன உண்கிறார்கள் என்று அறிய விரும்புவோர் முன்கூடத்துக்குப் போக வேண்டும். அதுவும் பகல் மூன்று மணிக்கு முன், ஏனெனில் அதன் பிறகு மாலை ஏழு வரை கதவைச் சாத்திவிடுவார்கள்.

எந்த உணவகத்துக்குப் போனாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டு விந்தாலுவோ சோர்பொடெலோ சொல்லுங்கள்: எந்த வினிகர், எப்போது சமைத்தது. பன்றியின் ஈரலையும் இதயத்தையும் சிறு துண்டுகளாக நறுக்கி வினிகர் மசாலாவில் செய்யும் சோர்பொடெலை நான் திங்கட்கிழமை கேட்டபோது, வீட்டுக்காரம்மா பாத்திரத்தின் மூடியைத் திறந்து காட்டி, "நேற்றுத்தான் இறக்கினேன், இன்னும் சேரவில்லை, வியாழக்கிழமை வாருங்கள்" என்று சொல்லி மூடிவிட்டார். கையில் பணத்தோடு நின்ற ஒருவரைத் திருப்பி அனுப்பினார். நான் புதன்கிழமை ரயிலை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன். வியாழக்கிழமை பகல், கள் ஊற்றிப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைத்த வெள்ளை வெளேரென்ற சன்னாஸ் என்னும் இட்லி போன்ற பண்டம் இரண்டோடு அது என் முன்னே வந்தது.