குயிசனேர் கட்டைகள்: நீளம் கற்பிக்க ஒரு பெட்டி

ஸ்கேலைக் கையில் கொடுத்ததும் பிள்ளைகள் பூஜ்யக் கோட்டை விட்டுவிட்டு ஸ்கேலின் விளிம்பிலிருந்து அளப்பார்கள். இல்லையென்றால் இடைவெளியை எண்ணாமல் கோடுகளை எண்ணி 6 செ.மீ.யை 7 என்பார்கள். நீளத்தை முதலில் கட்டையால் நிரப்பிப் பார்த்த பிள்ளைக்கு இந்தக் குழப்பம் குறைவு.

பெல்ஜிய ஆசிரியர் ஜார்ஜ் குயிசனேர் உருவாக்கிய இந்தக் கட்டைகள் 1 செ.மீ. வெள்ளையில் தொடங்கி 10 செ.மீ. ஆரஞ்சு வரை பத்து நீளங்களில் வரும். தடிமன் எல்லாவற்றுக்கும் 1 செ.மீ.தான். வழக்கமான 74 கட்டைப் பெட்டியில் வெள்ளை 22, சிவப்பு (2 செ.மீ.) 12, இளம்பச்சை (3) 10, ஊதா (4) 6. ஐந்திலிருந்து பத்து வரை ஒவ்வொன்றிலும் நான்கே நான்கு.

50 செ.மீ. ரயில் பந்தயத்தில் இந்தக் கணக்கு முக்கியம். பகடையில் விழுந்த எண்ணுக்கான கட்டையை எடுத்து ரயில் போல வரிசையாக அடுக்க வேண்டும். முதலில் 50 தொட்டவர் வென்றவர். ஆறுமுகப் பகடை போட்டு இருவர் ஆடினால் 5, 6 சீக்கிரம் தீர்ந்துவிடும். தாயக்கட்டை இன்னும் பொருத்தம்: 2, 3, 4 அதிகம் விழும், பெட்டியிலும் சிறிய கட்டைகளே அதிகம். பன்னிரண்டு விழுந்தால் ஆரஞ்சும் சிவப்பும். ஒரு நிறம் தீர்ந்தால் இரண்டு சிறியதைச் சேர்த்து அதே நீளம் செய்யச் சொல்லுங்கள். உண்மையில் ஆட்டத்தின் சிறந்த பகுதியே அதுதான்.

ரயிலில் 13 கட்டைகள் இருந்தால் நடுவே 12 இடைவெளி. ஒவ்வொன்றும் அரை மி.மீ. என்றாலும் ரயில் 6 மி.மீ. நீண்டுவிடும். தடித்த புத்தகத்தின் விளிம்பை ஒட்டி அடுக்கி, கடைசியில் பின்னாலிருந்து நெருக்கித் தள்ளினால் சரியாகும்.

அடுத்தது ஊக ஆட்டம். பொருளைத் தொடாமல் கட்டைகளைத் தேர்ந்தெடுத்து, பிறகு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. எத்தனை வெள்ளைக் கட்டை வித்தியாசமோ அத்தனை தண்டப் புள்ளி. ஏ4 தாளின் அகலம் இரண்டு ஆரஞ்சு, ஒரு வெள்ளை, கச்சிதமாக 21. ஏடிஎம் கார்டின் நீளம் 8.56 செ.மீ.; பழுப்பு (8) எட்டாது, நீலம் (9) வெளியே நீட்டும். மில்லிமீட்டரைச் சொல்லிக்கொடுக்கவும் ஸ்கேலை எடுக்கவும் அதுதான் நேரம்.

வாங்கியதும் பத்து வெள்ளையை ஓர் ஆரஞ்சுக்குப் பக்கத்தில் அடுக்கிப் பாருங்கள். 1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். மலிவான மரக்கட்டைகளில் பெயின்ட் தடிப்பே இதைக் கெடுக்கும். செ.மீ. கோடு பொறித்த வகை வேண்டாம், பிள்ளை மறுபடி கோடு எண்ணத் தொடங்கிவிடும். எடை, கொள்ளளவுக்கு இந்தப் பெட்டியை நம்ப வேண்டாம்; அதற்குத் தராசும் உழக்கும் வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கும் வீட்டில் வெள்ளைக் கட்டைகளை எண்ணி எடுத்து வையுங்கள், விழுங்கும் அளவு. நான்கு பேர் ஆடுவதானால் பந்தயத்தை 25 செ.மீ.க்குச் சுருக்கினால் ஒரு பெட்டியே போதும்.