தீவில் கிராஸ் டிரெயினிங் முகாமா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஓட்டக்காரர்கள், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானுக்குத் தயாராகிறவர்கள், காயத்திலிருந்து மீண்டு வருகிறவர்கள் எல்லாருக்கும் இந்த எச்சரிக்கை. கிராஸ் டிரெயினிங் என்றால், ஓட்டத்தோடு நீச்சல், சைக்கிள் போன்ற வேறு பயிற்சிகளையும் சேர்த்துச் செய்வது. வெப்பமண்டலத் தீவு ஒன்றில் நடந்த அப்படி ஒரு முகாமுக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிப் போனேன். விளம்பரத்தில் சொன்னதில் பாதிகூட அங்கே இல்லை. பணம் போனது ஒரு பக்கம். எங்களோடு வந்திருந்த ஒரு பையன் உயிர் பிழைத்ததே, பயிற்சிக்கு வந்திருந்த ஒரு நர்ஸ் அக்காவால்தான். முகாம் நடத்தியவர்களை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

நடத்துபவர்களின் பெயரை இங்கே போடவில்லை. வங்கியில் கொடுத்த புகார் இன்னும் முடியவில்லை. தவிர, அதே படங்களும் அதே வாசகங்களும் வேறு வேறு பெயர்களில் விளம்பரமாக வருவதைப் பார்க்கிறேன். அதனால் பெயரைவிட, அவர்கள் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

நான் நெடுந்தூர ஓட்டக்காரன். கீழ்க்கால் எலும்பில் ஸ்ட்ரெஸ் ரியாக்ஷன் வந்தது. எலும்பு முறிவுக்கு முந்தைய நிலை அது. ஓட்டத்தை நிறுத்திவிட்டு, மூச்சும் தாக்குப்பிடிக்கும் திறனும் குறையாமல் இருக்க நீச்சல், சைக்கிள், ஆழ்நீர் ஓட்டம் செய்யச் சொன்னார் மருத்துவர். ஆழ்நீர் ஓட்டம் என்றால், இடுப்பில் மிதவை பெல்ட் கட்டிக்கொண்டு, பாதம் தரையில் படாத ஆழத்தில் நின்று, ஓடுவது போலவே கை கால்களை இயக்குவது. இதயத்துக்கு முழு வேலை கிடைக்கும், எலும்புக்கு அதிர்வு போகாது. இந்த முகாமின் விளம்பரத்தில் 25 மீட்டர் நீச்சல் குளம், மிதவை பெல்ட்கள், ரோடு சைக்கிள்கள், முழுநேர பிசியோ, ஒவ்வொருவருக்கும் தனித்தனித் திட்டம் என்று எல்லாமே இருந்தன. என் ஸ்கேன் அறிக்கையை முன்பே அனுப்பினேன். பார்த்துவிட்டோம், உங்களுக்கான திட்டம் தயார் என்று பதிலும் வந்தது.

போய்ப் பார்த்தால், குளம் ஓட்டல் விருந்தினர்கள் காலை நனைத்துக்கொண்டு உட்காருகிற வளைவான குளம். ஆழமான மூலையில் நின்றாலும் தண்ணீர் என் நெஞ்சைத் தாண்டவில்லை. அதில் ஆழ்நீர் ஓட்டம் செய்யவே முடியாது. பெல்ட் ஒன்றுகூட இல்லை. சைக்கிள்கள் கடற்கரையில் வாடகைக்கு விடுகிற கனமான வண்டிகள். எனக்குக் கிடைத்ததில் செயின் உப்புக் காற்றில் துருப்பிடித்து, கியர் மாற்றினால் வழுக்கியது. சீட் கம்பி இறுகிப்போய் உயரத்தை மாற்ற முடியவில்லை. முழங்கால் உள்ள எவருக்கும் தெரியும், சீட் உயரம் தவறாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் என்ன ஆகும் என்று. பிசியோ என்று அறிமுகம் செய்தவர் ஓட்டலில் மசாஜ் செய்பவர். நல்ல மனிதர், அவர் மேல் குறை இல்லை. தான் பிசியோ இல்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

தனித் திட்டமும் இல்லை. எல்லாருக்கும் ஒரே பயிற்சி, அதில் பெரும்பகுதி மணலில் ஓட்டம். மணல் மெத்தை மாதிரி, எலும்புக்கு நல்லது என்றார் கோச். மணலில் அதிர்வு குறைவுதான். ஆனால் கெட்டித் தரையில் ஓடுவதைவிட மென்மணலில் ஓட சுமார் 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும் என்று ஆய்வுகள் உண்டு. பாதம் புதையப் புதைய கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் அந்தச் சுமையை வாங்கும். கடற்கரை தண்ணீரை நோக்கிச் சரிவாக வேறு இருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்வாகவே விழும். காயத்தோடு வந்த ஒருவருக்கு யாராவது இதைக் கொடுப்பார்களா? வேண்டாம் என்று மறுத்ததற்கு, குழுவின் உற்சாகத்தைக் கெடுக்கிறேன் என்றார்கள். அந்த மணலில் நடை பயிற்சி மட்டும் செய்தும்கூட எலும்பில் பழைய வலி திரும்பியது.

வெப்பத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உண்மையான ஆபத்து அதில்தான் இருந்தது. வழியும் வியர்வை உடம்பைக் குளிர வைக்காது, ஆவியாகிற வியர்வைதான் குளிர வைக்கும். காற்றில் ஈரம் மண்டிக் கிடக்கும் தீவில் வியர்வை சொட்டுமே தவிர ஆவியாகாது. அதனால் போன் காட்டுகிற வெப்பநிலையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. இதற்கென்றே டபிள்யூபிஜிடி என்று ஒரு அளவு இருக்கிறது. 1950களில் அமெரிக்க மரைன் படையின் பயிற்சி முகாம்களில் வீரர்கள் வெப்பத்தில் சுருண்டு விழுவதைத் தடுக்க உருவாக்கியது. ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டரின் அளவுக்கு 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் அளவுக்கு 20, சாதாரண வெப்பநிலைக்கு 10 என்று பங்கு பிரித்துக் கணக்கிடுவார்கள். நாம் தினமும் பார்க்கிற எண்ணுக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான். இப்போது கையடக்கக் கருவியே கிடைக்கிறது. எங்கள் கோச்சுக்கு இந்த அளவின் பெயரே தெரியவில்லை.

உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். முதல் சில நாட்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், அதே வேகத்தில் ஓடினாலும் இதயத் துடிப்பு முன்பைவிடக் குறையத் தொடங்கும். அப்புறம் வியர்வை சீக்கிரமே சுரக்கும், அதில் போகும் உப்பும் குறையும். இந்த மாற்றம் நடக்க விட்டு, முதல் நாட்களில் பயிற்சியின் நேரத்தையும் வேகத்தையும் குறைத்து, படிப்படியாக ஏற்றுவதுதான் முறை. வெப்பமும் ஒரு பயிற்சிச் சுமை. அதைக் கணக்கில் சேர்க்காமல் ஊரில் ஓடிய வேகத்தையே வாங்கினால் உடம்பு தாங்காது. எங்களுக்கு வந்து இறங்கிய மறுநாளே முழு வேக இன்டர்வல், அதாவது வேகமாக ஓடி, சற்று ஓய்ந்து, மறுபடி வேகமாக ஓடுவது.

அதுவும் எந்த நேரத்தில்? விடியற்காலை, நாளில் இருப்பதிலேயே குளிர்ச்சியான நேரம், படம் பிடிப்பதற்குப் போனது. டிரோன் மேலே பறக்க, நாங்கள் வரிசையாகக் கடற்கரையில் ஓடி, திரும்பி வந்து, மறுபடி ஓட வேண்டும். அடுத்த முகாமுக்கான விளம்பரப் படம் அது. நிஜமான பயிற்சி வெயில் ஏறிய பிறகுதான் தொடங்கும். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதில்தான். பணம் கொடுத்து வந்தவர்களின் பாதுகாப்பான நேரத்தை எடுத்து விளம்பரத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அந்தப் பையன் நடுத்தூர ஓட்டக்காரன், எங்களில் வேகமானவன். அன்று சைக்கிள் முடித்த கையோடு ஓட்டம். திரும்பி வரும்போது அவன் கால் பின்னியது. பெயரைக் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னான். தண்ணீர் பாட்டிலை நீட்டியவரின் கையைத் தட்டிவிட்டான். முகாம் ஊழியர் நெற்றியில் தெர்மாமீட்டரைக் காட்டினார். 37.8 டிகிரி செல்சியஸ் என்று வந்தது. களைப்புதான், நிழலில் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுத்தால் சரியாகிவிடும் என்றார்.

இதை எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடும் உழைப்பில் உடம்பின் உள்வெப்பம் எல்லை மீறுவதால் வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்வை நிற்க வேண்டும் என்று இல்லை. நனைந்த நெற்றியில் எடுக்கும் அளவு உள்வெப்பத்தைக் காட்டாது. ஆசனவாயில் எடுக்கும் அளவு ஒன்றுதான் நம்பகமானது. வெப்பத்தில் உழைத்த ஒருவர் உளறினால், தடுமாறினால், முரண்டு பிடித்தால், உள்ளே 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் குளிர வைக்க வேண்டும், அப்புறம்தான் வண்டி, மருத்துவமனை. அரை மணி நேரத்துக்குள் வெப்பத்தை இறக்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அமெரிக்காவில் ஆகஸ்ட் வெயிலில் நடக்கும் ஃபால்மவுத் ஓட்டப் போட்டியில், 18 ஆண்டுகளில் ஹீட் ஸ்ட்ரோக் வந்த 274 பேரைக் குளிர்ந்த நீரில் மூழ்க வைத்து சிகிச்சை கொடுத்திருக்கிறார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை. இதற்குத் தேவை ஒரு தொட்டி, தண்ணீர், ஐஸ், விஷயம் தெரிந்த ஒரு ஆள்.

முகாம்காரர்கள் இதில் எதையும் தயாராக வைத்திருக்கவில்லை. நர்ஸ் அக்கா ஊழியரைத் தள்ளிவிட்டு வந்தார். ஓட்டல் பின்புறம் துணி ஊற வைக்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டியை இழுத்து வரச் சொன்னார். சமையலறை ஐஸ் முழுவதும் அதில் கொட்டினோம். பையனின் அக்குள் வழியாகப் பெட்ஷீட்டைச் சுருட்டிக் கொடுத்து, தலை மூழ்காமல் ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, நெஞ்சு வரை இறக்கினோம். உடம்பை ஒட்டிய தண்ணீர் சூடாகிவிடும் என்பதால் கையால் கலக்கிக்கொண்டே இருக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவனுக்கு நடுக்கம் எடுத்தது. நான் எங்கே இருக்கிறேன் அக்கா என்று கேட்டான். அதுவரை யாரும் சரியாக மூச்சுகூட விடவில்லை.

மருத்துவமனை கடலைத் தாண்டி இருந்தது. படகு ஏற்பாடு செய்தது ஓட்டல் ஊழியர்கள், முகாம்காரர்கள் இல்லை. உடனே குளிர வைத்ததால்தான் சிறுநீரகமும் கல்லீரலும் தப்பின என்றார் அங்கிருந்த மருத்துவர். மறுநாள் கோச் எங்களைக் கூட்டி, அது வெறும் நீர்ச்சத்துக் குறைவு, எல்லாரும் முடிந்தவரை தண்ணீர் குடியுங்கள் என்றார். அந்த அறிவுரையும் ஆபத்தானது. அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதித்த ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்கு அந்தக் குறைவு இருந்தது. தாகத்துக்குக் குடித்தால் போதும்.

கடல் நீச்சலுக்குத் துணைப் படகு உண்டு என்று விளம்பரத்தில் இருந்தது. வந்ததோ கரையில் நின்று விசில் ஊதுகிற ஒரு ஆள். யார் நீரில் இறங்கினார்கள், யார் ஏறினார்கள் என்று எண்ணவும் இல்லை. 2010இல் ஃபுஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் உலகக் கோப்பைப் போட்டியில் ஃபிரான் கிரிப்பன் என்ற அமெரிக்க நீச்சல் வீரர் இறந்தார். வெதுவெதுப்பான கடல், போதாத கண்காணிப்பு. அவர் கரை சேரவில்லை என்பதே தாமதமாகத்தான் தெரிந்தது. திறந்தவெளி நீச்சலுக்கு 31 டிகிரி உச்ச வரம்பு வந்தது அந்த மரணத்துக்குப் பிறகுதான். உலகத்தரப் போட்டியிலேயே அந்த நிலைமை என்றால், ஆள் எண்ணாத ஒரு முகாமில் நான் கடலில் இறங்கத் தயாராக இல்லை. இறங்கவும் இல்லை.

மழை பெய்த மறுநாள் ஆற்றில் இறங்கி நடக்கும் சாகசப் பயிற்சி ஒன்றும் இருந்தது. பவளப்பாறை கீறிய கால்களோடு பலர் இறங்கினார்கள். போர்னியோ தீவில் 2000ஆம் ஆண்டு நடந்த சாகசப் போட்டியில் ஆற்று நீரால் லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல், பரவியது. தொடர்புகொள்ள முடிந்த 189 வீரர்களில் 80 பேருக்கு அதன் அறிகுறிகள் இருந்தன. அப்புறம், லேபிள் இல்லாத பொடிப் பொட்டலம் ஒன்றை ரெக்கவரிக்கு என்று கொடுத்தார்கள். ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு உட்பட்ட வீரர்கள் இப்படி எதையும் தொடவே கூடாது. உடம்பில் என்ன இருந்தாலும் பொறுப்பு வீரருடையது, யார் கொடுத்தார்கள் என்று சொல்லித் தப்ப முடியாது.

இனி இப்படி ஒரு முகாமுக்குப் போக நினைத்தால், பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள். முதல் வாரப் பயிற்சி நேரங்கள் என்ன, வெப்பத்தை எதைக் கொண்டு அளக்கிறார்கள், எந்த அளவில் பயிற்சியை நிறுத்துவார்கள், ஐஸ் தொட்டி எங்கே இருக்கும், மருத்துவமனைக்கு இரவில் எப்படிப் போவது. நல்ல கோச்சுக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும், பத்து நிமிடத்தில் பதில் எழுதிவிடுவார். குளத்தின் படத்தை நம்பாதீர்கள். வீடியோ அழைப்பில் ஒருவரை ஆழமான பக்கத்தில் நிற்கச் சொல்லிப் பாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, வானிலை, இயற்கைச் சூழல் காரணமாக நிகழ்ச்சிகள் மாறலாம் என்ற நிபந்தனையைக் காட்டினார்கள். குளத்தின் ஆழம் வானிலையால் மாறுவதில்லை, பெல்ட் வாங்காததற்கும் மழை காரணமில்லை என்று எழுதினேன். விமர்சனம் எதுவும் எழுதாவிட்டால் அடுத்த முகாமுக்குத் தள்ளுபடி தருவதாகப் பதில் வந்தது. மறுத்துவிட்டேன். கார்டில் கட்டியவர்கள், சொன்ன சேவை கிடைக்கவில்லை என்ற காரணத்தைக் காட்டி வங்கியில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். நேரடியாக வங்கிக் கணக்குக்கு அனுப்பியவர்கள்தான் அதிகம் சிக்கிக்கொண்டிருக்கிறார்கள். கார்டு வேண்டாம், கணக்குக்கு அனுப்பினால் சலுகை என்று இவர்கள் வற்புறுத்தியதற்கு இப்போது காரணம் புரிகிறது.

எங்கள் புகார் போன கொஞ்ச நாளில் விளம்பரப் பக்கத்திலிருந்து 25 மீட்டர் குளத்தின் படம் காணாமல் போய்விட்டது. நான் முன்பே தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன், வங்கி முதலில் கேட்டதும் அதைத்தான். இதே முகாமுக்கு வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பழைய விளம்பரப் படங்களையும் அவர்கள் அனுப்பிய மெசேஜ்களையும் அழித்துவிடாதீர்கள். பையனின் வீட்டாரும் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறார்கள், அவர்களுக்கும் அவை தேவைப்படும்.